தண்ணீர் வருமுன் நிறுத்திய இசை

போன வாரம் காலையில் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன். கருக்களாச்சேரியிலிருந்து கூடை கொண்டுவரும் அம்மாள் சங்கராவுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். தெருமுனையில் அமரர் ஊர்தி திரும்பியது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் தலையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து அந்த இசை வந்துவிட்டது. ஒரே ஒரு சுரம். கீழேயிருந்து மெல்ல எழும்பி, ஓரிடத்தில் நின்று, இன்னும் மேலே போகலாமா வேண்டாமா என்று தயங்கி, மறுபடி கீழே இறங்கும். காரைக்காலில் இதைக் கேட்காத காது கிடையாது. மீன்கார அம்மாள் கத்தியை வைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

"யாரோ புண்ணியவான் போறாரு. இந்த மீசிக்க கேட்டாலே எங்க ஆத்தா போன நாளு ஞாவகம் வந்துருதும்மா."

"இது சாவு மியூசிக் இல்ல" என்றேன்.

"பின்ன?"

"வாய்க்கால்ல தண்ணி வர்ற மியூசிக்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மீனைத் துண்டு போட ஆரம்பித்தார். நான் சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், பக்கத்தில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ரிடையர் ஆன டீச்சருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அந்த வண்டி எதிரில் வரும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. வண்டியை மறித்து அந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியலாமா என்றுகூடத் தோன்றும். உள்ளே படுத்திருப்பவரை நினைத்துத்தான் சும்மா இருக்கிறேன்.

அந்த இசையை அமைத்தவர் என் அக்காவைக் கட்டிய அத்தான். எங்கள் பக்கத்தில் மின்னணு இசை என்ற சொல்லையே யாரும் கேள்விப்படாத காலத்தில், மின்சாரத்தைக் கொண்டு சத்தம் உண்டாக்கி, அந்தச் சத்தத்தை இழைத்து இழைத்து இசையாக்கியவர். அத்தான் இப்போது இல்லை. சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது போய்ச் சேர்ந்தார். அங்கே வந்த வண்டியில் ஒலிபெருக்கி கிடையாது, சத்தமில்லாமல் கொண்டுபோனார்கள். சென்னையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான். காரைக்காலில் இறந்திருந்தால் அவருடைய இசையையே பாதியாக வெட்டி அவர் தலைமாட்டில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்திருக்க மாட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சுரக்குடி, அவருக்குக் குரும்பகரம். இரண்டு வீட்டிலும் நெல்தான். அத்தானுக்கு அதோடு ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூட உதவியாளர் வேலையும் இருந்தது. மாப்பிள்ளை மாதச் சம்பளக்காரர் என்பதில் அப்பாவுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த ஆய்வுக்கூடத்தில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மாணவர்கள் போன பிறகு, ஒலி அலைகளைப் பற்றிப் பாடம் நடத்துவதற்காக வைத்திருந்த கருவியை எடுத்து, அதன் திருகைத் திருப்பித் திருப்பி, வெறும் ‘ஊ’ என்று ஊளையிடும் சத்தத்திலிருந்து ஒரு ராகத்தின் சாயலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை டேப்பில் பதிவார். டேப்பை பிளேடால் வெட்டி, முன்னதைப் பின்னாகவும் பின்னதை முன்னாகவும் ஒட்டிப் போட்டுக் கேட்பார். மறுவீட்டு விருந்துக்கு வந்தபோதே கையில் டேப் ரிக்கார்டர் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் எங்கள் பம்புசெட் கொட்டகைக்குப் போய், மோட்டார் முக்கி முனகி ஓட ஆரம்பிக்கும் சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தார். அப்பா அம்மாவிடம் ரகசியமாக, "மாப்ளைக்கு மோட்டார் ரிப்பேரும் தெரியும் போலருக்கு" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

நான் அவரைச் சும்மா விட்டதில்லை. "என்ன அத்தான், மோட்டார்ல கீர்த்தனை வந்துச்சா?" என்பேன். "வந்துச்சு மச்சினி. உங்கப்பா மோட்டாருக்கு சுதி சுத்தமா இருக்கு, உனக்குத்தான் இல்ல" என்பார். அக்கா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். இப்போது நினைத்தால் அந்த வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அத்தானை ஒரு சோகமான மனிதராகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர் சோகமானவரே இல்லை. ஊர்தான் அவரை அப்படி ஆக்கியது.

நகரத்தில் அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவருடைய பிள்ளை. பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய், அதனால் அந்த வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அந்தச் சிநேகிதருடைய அண்ணன் பாரீசிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிந்தசைசர், மின்சாரத்தால் ஒலியெழுப்பும் கட்டைகள் வைத்த கருவி, கொண்டுவந்தார். எங்கள் கடல்காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, உள்ளே துரு ஏறிப் பாதிக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. திரும்பக் கொண்டுபோகக் கனம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். அத்தான் அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, பிரித்துப் போட்டு, பஞ்சையும் ஸ்பிரிட்டையும் வைத்துத் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு கட்டையாகப் பேசவைத்தார். முழுவதும் பேச ஆரம்பித்த அன்று அக்கா பாயசம் வைத்தாள். கருவி பிழைத்ததற்குப் பாயசம் வைத்த வீடு எங்கள் ஜில்லாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். சினிமா இசையமைப்பாளர்களுக்குக் கீழே தாளத்தையும் பின்னணியையும் கணினியில் கோத்துத் தரும் வேலை. வேலை சுத்தம் என்று பெயர் எடுத்தார், ஆனால் அந்தப் பெயர் எந்த கேசட் உறையிலும் அச்சாகவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க எல்லாம் இருக்கு. நம்ம சத்தம் மட்டும் இல்ல" என்றார். கல்லூரி வேலைக்குத் திரும்பினார். மாடி அறையில் பழைய சிந்தசைசரும் புதிதாக வாங்கிய கணினியும் இரண்டு ஸ்பீக்கர்களும் குடியேறின.

அதற்கப்புறம் காரைக்காலில் அவர் கைபடாத விசேஷம் இல்லை. நகைக்கடை விளம்பரத்துக்கு அவர்தான். உள்ளூர் கேபிள் டிவியில் செய்தி ஆரம்பிக்கும் முன் வரும் இசை அவருடையது. விசைப்படகு இன்ஜின் கிளம்பும் சத்தத்தை எடுத்து அதிலேயே தாளம் கட்டியிருந்தார். கடலோரப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, "எங்க போட்டு, எங்க போட்டு" என்று குதிக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழா, கோலப்போட்டி, கல்யாண வரவேற்பு என்று எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். தெருவில் நடந்தால் ‘மியூசிக் சார்’ என்று கும்பிட்டார்கள். அந்தக் கும்பிடு எத்தனை சீக்கிரம் மறந்துபோகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

இத்தனையும் மற்றவர்களுக்காகச் செய்தது. தனக்காக அவர் செய்தது ஒன்றே ஒன்று. அதற்கு ‘முதல் தண்ணீர்’ என்று பெயர் வைத்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் தாண்டி, எல்லோரும் எடுத்தது போக, கடைசியில்தான் எங்களிடம் வந்து சேரும். வராமலே போன வருடங்களும் உண்டு. அதுவரைக்கும் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அத்தான் ஒரு கோடையில் அந்த வெடிப்புக்குள் சின்ன மைக்கை இறக்கி, உள்ளே காற்று நுழையும் சத்தத்தைப் பதிந்தார். அதைக் கணினியில் நீட்டி நீட்டி ஒரு சுரமாக்கினார். ஏறி, தயங்கி, இறங்கும் அந்தச் சுரம் அதுதான். வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனுடைய மூச்சு என்று அவர் சொல்வார். முதல் பாதி முழுக்க இந்தக் காத்திருப்புதான்.

பிறகு மதகின் பலகையைத் தூக்கும் கிறீச்சொலி கேட்கும். ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அப்புறம் தூரத்திலிருந்து காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வரும் சரசரப்பு. வாய்க்கால் கரையில் நண்டு வளைகள் இருக்குமே, அதற்குள் முதல் தண்ணீர் இறங்கும்போது குபுகுபுவென்று காற்று வெளியே வரும். சின்ன வயதில் அதைப் பார்க்கவே நாங்கள் ஓடுவோம். அந்தக் குபுகுபுவைத்தான் தாளமாகக் கட்டியிருந்தார். மேலே மேலே தவளைகள் சேர்ந்துகொள்ளும். முதல் பாதியில் தயங்கித் தயங்கி நின்ற அதே சுரம் இங்கே தயக்கத்தை விட்டு ஒரே ஏற்றமாக ஏறிவிடும். கேட்பவர்களுக்கு உட்கார்ந்திருக்கப் பிடிக்காது.

முடித்ததும் குரும்பகரம் வீட்டில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். அப்பாவுக்கு அப்போது கண்பார்வை மங்கிவிட்டது. முதல் பாதியில் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். மதகுச் சத்தம் வந்து, சருகு சரசரத்ததுதான் தாமதம், நாற்காலியிலிருந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தொறந்துட்டானா? எந்த வாய்க்கா?" என்று கேட்டார். அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சென்னையில் எந்தப் பெரிய மனிதர் தட்டிக்கொடுத்தும் அவருக்கு அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

அந்த வருடம் ஆடிப்பெருக்குக்கு ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி வைப்பதாக இருந்தது. அதில் ‘முதல் தண்ணீர்’ போடுவதாக ஏற்பாடு. அத்தான் சிடியை மைக்செட்காரரிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்தார். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஊரில் பெரும்புள்ளி ஒருவர் இறந்துபோனார். நிகழ்ச்சி நின்றது. சாவு வீட்டுக்கும் அதே மைக்செட்காரர்தான் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். பெரிய வீட்டுச் சாவு, வழக்கமாகப் போடும் தத்துவப் பாட்டெல்லாம் வேண்டாம், கௌரவமாக ஏதாவது போடு என்று வீட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள் பெட்டியைத் துழாவினார். கையில் கிடைத்தது அத்தான் சிடி.

நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு போனபோது அந்தத் தெரு முழுக்க அந்தச் சுரம் கேட்டது. அத்தான் சட்டென்று நின்றுவிட்டார். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கும், தன் இசைக்கு ஊரே அழுகிறதே என்று. மதகு தூக்கும் இடம் வருவதற்காக நானும் காத்திருந்தேன். அது வரவில்லை. இசை அறுந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. திரும்பவும் அதே இடத்தில் அறுந்தது.

அத்தான் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு மைக்செட்காரரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"என்ன தம்பி, பாதியில நிறுத்துறீங்க?"

"அதுக்கப்புறம் குத்துப்பாட்டு மாதிரி ஆயிடுது சார். சாவு வீட்டுல எப்படிப் போடறது? அதான் தண்ணி சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கட் பண்ணிட்டேன்."

"அது சாவுக்குப் போட்டதே இல்ல தம்பி."

"அப்படிச் சொல்லாதீங்க சார். பாருங்க, எத்தன பேரு அழுவுறாங்க. இனிமே ஊர்ல எந்தச் சாவுன்னாலும் இதான் சார். உங்களுக்குத்தான பேரு?"

அந்த ஆளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அது தெரிந்தும் எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. ஒரு மனிதர் வருடக்கணக்கில் வெயிலில் மண்ணோடு காதை வைத்துக்கொண்டு கிடந்து செய்ததை, ஒரு பொத்தானை அழுத்திப் பாதியாக்கிவிட்டு, உங்களுக்குத்தானே பேரு என்று கேட்கிறார். அத்தான் சிடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெட்டிய பாதி அதற்குள் மைக்செட்காரரின் கணினியில் ஏறிவிட்டது.

சொன்னபடியே ஆனது. அடுத்த சாவுக்கு, அதற்கடுத்த சாவுக்கு, பக்கத்து ஊர்ச் சாவுக்கு என்று அது பரவியது. அமரர் ஊர்தி வந்தபோது அதிலும் ஏற்றினார்கள். வார்த்தை இல்லாத இசை என்பதால் எந்த மதத்துக்காரரும் எந்தத் தெருக்காரரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரைக்காலில் எல்லோரும் ஒற்றுமையாக ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அத்தானுடைய இசையின் முதல் பாதிதான். மேலே இருப்பவர்கள் தண்ணீரை வழியிலேயே மறித்துவிட்டார்கள் என்று வருடா வருடம் தொண்டை கிழியத் திட்டுகிற ஊர் இது. அத்தான் கொண்டுவந்த தண்ணீரை வழியில் மறித்தவர்கள் யார்? நாம்தானே? இதை நான் உறவுக்காரர்கள் கூடிய ஒரு வீட்டில் நேருக்கு நேர் கேட்டேன். எல்லோரும் பேச்சை மாற்றினார்கள்.

இசையோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாக அந்த வாடை அவர்மேலும் ஏறியது. ‘மியூசிக் சார்’ என்ற பேர் போய், முதுகுக்குப் பின்னால் ‘சாவு மியூசிக் சார்’ ஆனார். நகைக்கடைக்காரர் விளம்பரத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். கேட்டதற்கு, "தாலி வாங்க வர்ற கடை சார், நீங்களே யோசிச்சுப் பாருங்க" என்றாராம். கல்யாண வரவேற்புகளுக்குக் கூப்பிடுவது நின்றது. ஒரு புதுக்கடைத் திறப்புக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, முந்தின நாள் ஆள் அனுப்பி, சார் திறப்பெல்லாம் முடிந்து சாயங்காலமாக வந்தால் போதும் என்று சொன்னார்கள். அவர் காலையிலும் போகவில்லை, சாயங்காலமும் போகவில்லை.

நான் வேலை பார்த்த பள்ளியும் இதில் சேர்த்தி. ஆண்டு விழாவுக்கு அத்தான் பிள்ளைகளின் கைத்தட்டலையே வைத்து அழகாக ஒன்று போட்டுக்கொடுத்திருந்தார். தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு போட்டதுன்னு தெரிஞ்சா பேரன்ட்ஸ் ஒரு மாதிரி நெனப்பாங்க" என்றார். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டேன். அவர் மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். நான் கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் இருந்த காலண்டர் விழுந்தது. அத்தானிடம் விழாவே தள்ளிப்போய்விட்டது என்று சொன்னேன். அவர் நம்பியதுபோல் தலையாட்டினார்.

அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. வண்டி ஓட்டுநர்களைத் தேடிப்போய், "முழுசாப் போடுங்க, இல்லன்னா போடாதீங்க" என்று கேட்டுப் பார்த்தார். சிலர் சரி சார் என்றார்கள். யாரும் செய்யவில்லை. ஒருநாள் நான் இருக்கும்போதே அக்கா, "விட்டுத்தள்ளுங்களேன். சந்தோஷமா இன்னொண்ணு போடுங்க" என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நான் போட்டதே சந்தோஷமானதுதான்" என்றார். அக்கா ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச காலத்தில் மாடி அறை பூட்டியே கிடந்தது. கருவிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். பாயசம் வைத்துப் பிழைக்கவைத்த சிந்தசைசரும் போனது.

அவர் மகன் சென்னையில் வேலைக்குப் போன பிறகு, முழு இசையையும் வாய்க்கால் படங்களோடு இணையத்தில் ஏற்றினான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெரிந்த எண்களுக்கெல்லாம் அனுப்பினேன். கீழே ஊர்க்காரர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘ஆன்மா சாந்தியடையட்டும்.’ ‘யாரு தவறினது?’ தண்ணீர் வரும் இடம்வரை ஒருவராவது கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க முடியுமா? முதல் சுரம் காதில் விழுந்ததுமே கும்பிட்டுவிட்டு அணைத்துவிட்டார்கள். அன்று கைபேசியைத் தூக்கி எறிந்தேன். நல்லவேளை கட்டிலில் விழுந்தது.

அப்போதுதான் முடிவு செய்தேன். என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு. ஊர் மொத்தமும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும், எழுந்து போனால் மரியாதையாக இருக்காது. அங்கே ‘முதல் தண்ணீர்’ போடுவது என்று தீர்மானித்தேன். பின்பாதியை மட்டும் போட்டிருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, கைகூடத் தட்டியிருப்பார்கள். ஆனால் நானும் வெட்டினால் எனக்கும் அந்த மைக்செட்காரருக்கும் என்ன வித்தியாசம்? முழுசாகத்தான் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். மகளிடம் கேட்டேன். "பெரியப்பா பாட்டுதான? போடும்மா" என்றாள். மாப்பிள்ளைப் பையனும் சரி என்றான். அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றார்கள். நான் மைக்கை வாங்கினேன். "இது எங்க அத்தான் போட்ட இசை. இதை நீங்க எல்லாரும் பாதிதான் கேட்டிருக்கீங்க. இது நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வர்ற இசை. தயவுபண்ணி முழுசாக் கேளுங்க" என்றேன். ஒலி அமைப்பாளர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பயந்துகொண்டேதான் போட்டார்.

அந்தச் சுரம் எழும்பியது. மண்டபத்தில் பேச்சுச் சத்தம் வெட்டியதுபோல் நின்றது. பிறகு முணுமுணுப்பு கிளம்பியது. "அய்யய்யோ, இதப் போயி" என்று ஒரு குரல் கேட்டது. சம்பந்தி அம்மாள் மேடையில் ஏறி, என் மகளைக் கையைப் பிடித்து ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிறுத்தினார். பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்று, "என்னங்க இது, கல்யாணமா கருமாதியா?" என்று சத்தம் போட்டார். நான் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்றேன். யாராவது கை வைத்திருந்தால் அந்தக் கையை முறித்திருப்பேன். கொஞ்ச நேரம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் மதகு தூக்கும் இடம் வந்துவிடும், தண்ணீர் வந்துவிட்டால் இத்தனை பேரும் வாயடைத்துப் போவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

முன்வரிசையிலிருந்து அத்தான் எழுந்தார். வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தார். என் நெஞ்சு நிறைந்துவிட்டது. மைக்கை வாங்கப்போகிறார், இத்தனை வருடம் ஊர் கூடிய இடத்தில் வாயைத் திறக்காதவர் இன்றைக்கு இவர்கள் எல்லோர் முகத்துக்கு நேராகவும் சொல்லப்போகிறார் என்று நினைத்து மைக்கை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என்னைத் தாண்டிப்போய், ஒலி அமைப்பாளர் மேசையின் முன் நின்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டையில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். சுரம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது. மதகுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

பிறகு சம்பந்தி வீட்டாரைப் பார்த்துக் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்க. மச்சினி ஏதோ ஆசையில பண்ணிட்டா" என்றார். தாய்மாமன் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பெரிய மனுஷங்க சார். ஒங்களுக்குத் தெரியுது" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மியூசிக் சார் என்று யாரோ மறுபடி கூப்பிட்டார்கள். அந்த ஊர் அவருக்குக் கொடுத்த பாராட்டு எல்லாவற்றிலும் அதுதான் பெரியது. தன் இசையைத் தானே நிறுத்தியதற்காகக் கிடைத்த பாராட்டு. ஒலி அமைப்பாளர் ஏதோ ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். நாற்காலிகள் பழையபடி நிறைந்தன.

பந்தியில் அவர் பக்கத்தில் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அக்கா. இலையில் எதையும் நான் தொடவில்லை.

"யாருக்கு அத்தான் பயந்தீங்க? சம்பந்திக்கா? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தண்ணி வந்திருக்குமே."

"வந்திருக்கும்மா" என்றார். சாம்பாரைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "சம்பந்திக்கெல்லாம் பயப்படல. அந்த ஆரம்பம் இருக்கு பாரு, அதக் கேட்டா இப்ப எனக்கே யாரோ செத்துட்டாங்கன்னுதான் தோணுது. மேடையில நம்ம புள்ள நிக்குது. அதான் போயி நிறுத்திட்டேம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வெடிப்புக்குள் மைக்கை இறக்கியவர், அது அழுகை இல்லை, காத்திருப்பவனுடைய மூச்சு என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர், அவருக்கே அதில் இப்போது பிணம் கேட்கிறது. இசையைத்தான் பறித்தார்கள் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய காதையும் சேர்த்தல்லவா பறித்திருக்கிறார்கள்! எதிர்வரிசையில் ஊர்க்காரர்கள் பாயசத்தை இன்னொரு தடவை கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் மேலும் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.